உண்ணிக்காய்ச்சலும் ஓர் ஆய்வும்

நுழையும்முன்

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றதும் கருவிகளே நம் நினைவிற்கு வருகின்றன. அக்கருவிகளுக்கு நடுவே கிடக்கும் நோயாளிக்கு எம்மருந்தை அளிப்பது என்னும் கேள்வி வெளியே தெரிவதில்லை. அக்கேள்விக்கு விடை தேடிய ஆய்வு ஒன்றை இப்பாடம் விளக்குகிறது. வேலூரில் கருக்கொண்ட அவ்வாய்வு, பென்னாகரம் போன்ற ஊர்களில் வாழும் உழவர்களுக்கும் ஆடு மேய்ப்போருக்கும் நெருக்கமானது.

தருமபுரியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பென்னாகரம். அங்கிருந்து ஒகேனக்கல்லை நோக்கிச் செல்லும் சாலை, காட்டை ஊடறுத்துக் காவிரிப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மானாவாரி நிலங்களில் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளைகின்றன. ஆலம்பாடி என்னும் புகழ்பெற்ற மாட்டினம் இப்பகுதியின் சிற்றூர் ஒன்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. வயலுக்கும் காட்டுக்கும் இடையே புதரும் புல்லும் மண்டிய நிலம் பரந்து கிடக்கிறது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மக்கள் நாள்தோறும் நடமாடும் நிலம் அது.

ஐப்பசி மழை ஓய்ந்து பனி தொடங்கும் நாள்களில், இத்தகைய ஊர் ஒன்றில் ஆடு மேய்க்கும் பெண் ஒருவருக்குக் காய்ச்சல் காண்பதாக எண்ணிக்கொள்வோம். தலைவலியும் உடல்வலியும் உடன் வருகின்றன. முதல் மூன்று நாள்கள் கசாயத்திலும் காய்ச்சல் மாத்திரையிலும் கழிகின்றன. நான்காம் நாள் ஊசி போட்டுக்கொள்கிறார். காய்ச்சல் தணியவில்லை. டெங்குவாக இருக்கலாம் என்றும் டைஃபாய்டாக இருக்கலாம் என்றும் சுற்றத்தார் பேசிக்கொள்கின்றனர். எட்டாம் நாள் மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது. அவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். இரத்த அழுத்தம் வீழ்ந்திருக்கிறது; கண்கள் மஞ்சள் பூத்திருக்கின்றன; நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கின்றனர்.

அங்கே செவிலியர் ஒருவர் உடை மாற்றும்போது, அவருடைய மார்புக்குக் கீழே, தோல் மடிப்பினுள், கடலைப் பருப்பு அளவில் ஒரு கரும்பொருக்கைக் காண்கிறார். பீடி நெருப்பால் சுட்டதுபோல் நடுவில் கருமையும் சுற்றிலும் செம்மையுமாக அது இருக்கிறது. வலியில்லை, அரிப்பில்லை. ஆதலால் எட்டு நாள்களாக அது அங்கே இருப்பதை நோயாளியே அறியவில்லை. நோயின் பெயரோ அப்பொருக்கிலேயே எழுதப்பட்டிருந்தது.

கடித்தது யார்?

ஆங்கிலத்தில் ‘ஸ்க்ரப் டைபஸ்’ எனப்படும் இந்நோயைத் தமிழில் உண்ணிக்காய்ச்சல் என்கிறோம். மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணி இந்நோயைப் பரப்புவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பரப்புவது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி. அதிலும் அதன் இளம்பருவம் மட்டுமே. வளர்ந்த சிற்றுண்ணி மண்ணில் வாழ்ந்து மனிதரைத் தீண்டாமல் ஒதுங்கிவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த இளவுயிரியோ தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பாலூட்டி ஒன்றின் திசுச்சாற்றை உண்ண வேண்டும். புல் நுனியில் காத்திருந்து, எலியையோ மனிதரையோ பற்றிக்கொண்டு, தோல் மென்மையாக மடிந்த இடம் நாடி ஊர்ந்து கடிக்கிறது. ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் பொருக்கு மிகுதியாகக் காணப்படுகிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

கடிவாயின் வழியே உடலினுள் நுழைவது ‘ஓரியன்சியா சுட்சுகாமுஷி’ என்னும் நுண்ணுயிர். ஜப்பானிய மொழியில் ‘சுட்சுகா’ என்பது நோயையும் கேட்டையும், ‘முஷி’ என்பது சிற்றுயிரையும் குறிக்கும். இந்நுண்ணுயிர் நம் உயிரணுக்களின் உள்ளே புகுந்து வாழ்வது. குறிப்பாக, இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உயிரணுப் படலத்தைத் தாக்குகிறது. குழாயின் உட்படலம் சிதைந்தால் குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசியும். நுரையீரலில் கசிந்தால் மூச்சு திணறும். குழாய்களில் குருதியின் அளவு குறைந்தால் அழுத்தம் வீழ்ந்து சிறுநீரகம் செயலிழக்கும். மூளையுறையில் அழற்சி ஏற்பட்டால் நினைவு தடுமாறும். இரத்தக் குழாய் இல்லாத உறுப்பில்லை. ஆகவே இந்நோய் எட்டாத உறுப்பும் இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாப் போர்முனையில் புதர்க்காடுகளில் தங்கிய படைவீரர்கள் பலர் இந்நோயால் மாண்டனர். அன்று இதற்கு மருந்தில்லை. 1948ஆம் ஆண்டு, மலேயாவின் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான குழுவினர், குளோராம்பெனிகால் என்னும் மருந்து இந்நோயைத் தீர்ப்பதைக் காட்டினர். பின்னர் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் வந்தன. மருந்து கிடைத்துவிட்டது என்ற நிறைவாலோ என்னவோ, இந்திய மருத்துவர் பலரின் நினைவிலிருந்து இந்நோய் நீண்ட காலம் விலகியிருந்தது. நோய் மட்டும் விலகவில்லை. ‘காரணம் அறியாக் காய்ச்சல்’ என்னும் பெயரில் மறைந்திருந்தது. குளிர்மாதங்களில் தென்னிந்தியாவில் இது பரவுவதை வேலூர் ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2005 முதல் 2010 வரை அம்மருத்துவமனைக்கு வந்த 623 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அவர்களுள் 9 விழுக்காட்டினர் இறந்தது தெரியவந்தது. மருந்துள்ள ஒரு நோய்க்கு இஃது உயர்ந்த எண்ணிக்கையே.

கருவி தரும் கால நீட்சி

நாம் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவந்த பெண்ணிடம் திரும்புவோம். அவருடைய மூச்சுக்குழலில் குழாய் செருகப்பட்டிருக்கிறது. செயற்கைச் சுவாசக் கருவி காற்றை உட்செலுத்துகிறது. இக்கருவி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை அறிந்துகொள்ள, இப்பிரிவு தோன்றிய வரலாறு உதவும்.

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்கு அங்கிருந்த கருவிகள் போதவில்லை. முதல் மூன்று வாரங்களில் கருவிச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்க மருந்து வல்லுநரான பியோன் இப்சன், அறுவைக் கூடத்தில் தாம் நாள்தோறும் செய்துவந்ததை 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்து பார்த்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அழுத்தினர். உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள் அவர்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு இப்சன், இத்தகைய நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்துப் பேணும் தனிப்பிரிவை அமைத்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுவே.

இப்சனின் பை இளம்பிள்ளைவாதக் கிருமியைக் கொல்லவில்லை. உடல் தானே மீளும்வரை மூச்சை நிறுத்தாமல் காத்தது. இன்றைய கருவிகளும் அவ்வாறே. உண்ணிக்காய்ச்சலில் நுரையீரல் தளரும்போது சுவாசக் கருவியும், அழுத்தம் வீழும்போது அதனை உயர்த்தும் மருந்துகளும், சிறுநீரகம் ஓயும்போது குருதிச் சுத்திகரிப்பும் உயிரை இன்னும் சில நாள்களுக்குத் தாங்கிப் பிடிக்கின்றன. அச்சில நாள்களுக்குள் நுண்ணுயிரை ஒடுக்க வேண்டியது மருந்தின் பொறுப்பு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தீவிர சிகிச்சை வல்லுநர் ஜான் விக்டர் பீட்டர் இவ்விரண்டையும் ஒருங்கே ஆராய்ந்தவர். இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்குக் குழாய் செருகாமல் முகமூடி வழியே காற்றளிப்பது உயிர் காக்கிறதா என்பதைப் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துக் கணித்து, பிற ஆய்வாளர்களுடன் இணைந்து 2006ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். கடுமையான உண்ணிக்காய்ச்சலைக் கண்டறிவதில் உள்ள இடர்களையும் அதன் சிகிச்சையையும் பற்றி 2015ஆம் ஆண்டில் அவரும் அவருடைய சக மருத்துவர்களும் எழுதிய கட்டுரை, இத்துறையினர் நாடிப் படிக்கும் ஒன்று. அக்கட்டுரையாசிரியர்களுள் ஒருவர் தொற்றுநோய்த் துறைப் பேராசிரியர் ஜார்ஜ் எம். வர்கீஸ்.

தெரியாது என்று ஒப்புக்கொள்ளுதல்

கடுமையான உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் சிறந்ததா, அசித்ரோமைசின் சிறந்ததா? இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? எளிய கேள்விதான். ஆயினும் குளோராம்பெனிகால் கண்டுபிடிக்கப்பட்டு 70 ஆண்டுகள் ஆன பின்னரும் இதற்கு உறுதியான விடை இல்லை. சில மருத்துவர்கள் ஒன்றைக் கொடுத்தனர், சிலர் மற்றொன்றை, வேறு சிலர் அச்சம் காரணமாக இரண்டையும். ஒவ்வொருவரிடமும் ஓர் அனுபவம் இருந்தது. அனுபவங்களோ ஒன்றோடொன்று முரண்பட்டன.

சேர்த்துக் கொடுப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லாமலில்லை. நுண்ணுயிர் வாழவும் பெருகவும் புரதம் வேண்டும். புரதத்தைக் கோக்கும் தறி, ரைபோசோம். அஃது ஒரு சிறிய பகுதியும் ஒரு பெரிய பகுதியும் இணைந்தது. டாக்சிசைக்ளின் சிறிய பகுதியைப் பற்றிக்கொள்கிறது. அசித்ரோமைசின் பெரிய பகுதியைப் பற்றிக்கொள்கிறது. தறியின் இரு பக்கங்களையும் ஒருசேர முடக்கினால் நெசவு முழுமையாக நிற்கும் என எதிர்பார்க்கலாம். ஆனால் எதிர்பார்ப்பு சான்றாகாது. தாளில் சரியாகத் தோன்றிய எத்தனையோ சிகிச்சைகள் நோயாளியிடம் தோற்றிருக்கின்றன. இரு மருந்துகள் என்றால் இரு மடங்கு பக்கவிளைவு என்னும் ஐயமும் உண்டு.

ஜார்ஜ் வர்கீஸ் தலைமையிலான குழுவினர் இக்கேள்வியை ஆய்வாக வடிவமைத்தனர். ‘இன்ட்ரெஸ்ட்’ எனப் பெயரிடப்பட்ட அவ்வாய்வு இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடைபெற்றது. 15 வயது நிறைந்தவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும், ஓர் உறுப்பேனும் பாதிக்கப்பட்ட கடுமையான நிலையில் இருந்தால், சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்கள் மூன்று பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு டாக்சிசைக்ளின். இன்னொரு பிரிவினருக்கு அசித்ரோமைசின். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். 7 நாள்களுக்கு நரம்பின் வழியே மருந்து செலுத்தப்பட்டது. கடும் நோயில் குடல் மருந்தை முறையாக உறிஞ்சும் என்று நம்ப முடியாது என்பதே மாத்திரையைத் தவிர்த்ததன் காரணம்.

யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கலைப் போன்ற முறையால் அது முடிவாயிற்று. மருத்துவரிடம் அம்முடிவை விட்டிருந்தால், மிகவும் நலிந்தவருக்கு இரு மருந்துகளையும் கொடுக்கவே அவர் மனம் நாடியிருக்கும். அப்போது இரு மருந்துப் பிரிவில் நலிந்தவர்களே நிறைந்து, மருந்தின் பயன் குறைவாகத் தோன்றியிருக்கும். இரக்கமே அளவுகோலை வளைத்துவிடும். யாருக்கு எது செலுத்தப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது. சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஒரு மருந்து மட்டும் பெறுவோருக்கு, மற்றதன் இடத்தில் மருந்தில்லாத போலித் திரவம் செலுத்தப்படும். தெரிந்துவிட்டால், ‘இரு மருந்து பெற்றவர் தேறுகிறார்’ என்று கண் தானே காணத் தொடங்கும்.

இவ்விடத்தில் உங்களுள் சிலருக்கு மனம் உறுத்தலாம். உயிருக்குப் போராடும் ஒருவரைக் குலுக்கலில் விடுவது முறையாகுமா? எம்மருந்து சிறந்தது என்பது தெரிந்திருந்தால் முறையாகாது. உண்மையிலேயே எவருக்கும் தெரியாத நிலையில் மட்டுமே இத்தகைய ஆய்வுக்கு அறம் இடம் கொடுக்கிறது. மூன்று பிரிவினருமே நோயைத் தீர்க்கும் என்று அதுவரை ஏற்கப்பட்ட மருந்தையே பெற்றனர் என்பதையும் மறந்துவிடலாகாது. இத்தகைய ஆய்வுகளில் நோயாளியின் இசைவு இன்றியமையாதது. அவர் நினைவிழந்திருந்தால் உறவினரிடம் விளக்கி இசைவு பெற வேண்டும். சுவாசக் கருவியின் ஓசைக்கு அப்பால், நடைக்கூடத்தில், கைநாட்டு வைக்கும் நிலையில் உள்ள ஒரு கணவரிடமோ மகனிடமோ ‘எது சிறந்தது என்று எங்களுக்கே தெரியாது’ என்று ஒரு மருத்துவர் சொல்வதை எண்ணிப் பாருங்கள். ஆய்வுப் பணியில் அதைவிடக் கடினமான சொற்றொடர் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

முடிவுகள் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தன. கணக்கில் கொள்ளப்பட்ட நோயாளிகள் 794 பேர். அவர்களுள் 62 விழுக்காட்டினருக்கு நுரையீரலும், 54 விழுக்காட்டினருக்குக் கல்லீரலும், 42 விழுக்காட்டினருக்கு இதயமும் குருதியோட்டமும், 30 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகமும், 20 விழுக்காட்டினருக்கு நரம்பு மண்டலமும் பாதிக்கப்பட்டிருந்தன. இவற்றைக் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. ஒருவருக்கே பல உறுப்புகள் தளர்ந்திருந்தன என்பது இதன் பொருள்.

28 நாள்களுக்குள் இறப்பு, 7ஆம் நாளிலும் நீங்காத உறுப்புச் சிக்கல், 5ஆம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் அதனைத் தீய விளைவு என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வரையறுத்திருந்தனர். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினருக்கும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் அது நேர்ந்தது. இரண்டும் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கே நேர்ந்தது. வேறு வகையில் சொன்னால், ஏறத்தாழ 7 பேருக்கு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் ஒருவர் அத்தீய விளைவிலிருந்து தப்புகிறார். மருத்துவத்தில் இது பெரிய பயன். இரு மருந்துகளால் பக்கவிளைவுகள் பெருகிவிடும் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை.

ஆயினும் அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் ஒளிக்கப்படாமல் இடம்பெற்றிருக்கிறது. 28 நாள்களுக்குள் இறந்தோர் விகிதத்தில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு மருந்துகள் நோயின் நீட்சியைக் குறைத்தன. இறப்பைக் குறைத்ததாக இவ்வாய்வு காட்டவில்லை. செய்தித்தாளின் ஒருவரித் தலைப்பில் இவ்வேறுபாடு எளிதில் கரைந்துபோகும். மூன்று விளைவுகளை ஒன்றாகக் கட்டி எண்ணும் முறையிலேயே இவ்விடர் உள்ளது. 5ஆம் நாள் காய்ச்சலும் மரணமும் ஒரே தட்டில் வைத்து எண்ணப்படுகின்றன. இறப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இன்னும் பல மடங்கு நோயாளிகளும் ஆண்டுகளும் தேவைப்படும் என்பதால் ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாள்கின்றனர். அது குற்றமன்று. ஆனால் படிப்பவர் கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். ஒரு நாள் முன்னதாகச் சுவாசக் கருவியிலிருந்து விடுபடுவதும், ஒரு நாள் முன்னதாக வீடு திரும்புவதும் கூலி இழந்து காத்திருக்கும் குடும்பத்துக்குச் சிறிய செய்தியல்ல என்பதையும் அவர் நினைவில் கொள்ளலாம்.

இம்முடிவு கடுமையான நோய்க்கு மட்டுமே உரியது. உறுப்புகள் பாதிக்கப்படாத தொடக்கநிலையில் ஒரே மருந்தை, மாத்திரையாகவே மருத்துவர் தருகிறார். பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. பல காய்ச்சல்களுக்குத் தரப்படும் பென்சிலின் வகை மருந்துகள், உயிரணுவுக்குள் ஒளிந்து வாழும் இந்நுண்ணுயிரிடம் பயன் தருவதில்லை. பென்னாகரத்துப் பெண்ணின் முதல் எட்டு நாள்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள். நான்காம் நாளில் மருத்துவரிடம் ‘காட்டுப் பக்கம் ஆடு மேய்க்கிறேன்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலோ, அவர் தோல் மடிப்புகளைத் தேடிப் பார்த்திருந்தாலோ, கதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிந்திருக்கக்கூடும். பொருக்கு எல்லா நோயாளிகளிடமும் காணப்படுவதில்லை. ஆகவே அஃது இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. அத்தகையோர்க்குக் குருதிப் பரிசோதனை வேண்டும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. நுண்ணுயிரில் கார்ப், கில்லியம், கேட்டோ எனப் பல வகைகள் உள்ளன. ஒரு வகையால் நோயுற்று மீண்டவருக்கு மற்றொன்றிலிருந்து நீடித்த பாதுகாப்புக் கிடைப்பதில்லை. எனவே நலம்பெற்றுத் திரும்பும் அப்பெண், அடுத்த பனிக்காலத்தில் அதே புதர் நிலத்தில் அதே ஆடுகளின் பின்னே நடக்கும்போது மீண்டும் கடிபடலாம். முழுக்கை உடை அணிவதும், வெறும் புல்தரையில் அமராமலும் படுக்காமலும் இருப்பதும், மாலையில் வீடு திரும்பியவுடன் குளித்து, உடுத்த துணியை வெந்நீரில் துவைப்பதும் இன்று அவர் கையில் உள்ள காப்புகள்.